ஸ்ட்ரென்த் ட்ரெயினிங்கை சார்ட் போட்டு கவனிக்கிறது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அத்லெட்டுகளுக்கு வெயிட் ட்ரெயினிங் குடுக்கிற கோச்சுகளும், தன்னோட நம்பரை தானே எழுதி வெச்சுக்கிறவங்களும் திரும்பத் திரும்ப கேட்கிறதை எல்லாம் ஒரே இடத்துல போட்டிருக்கேன். வரிசையா படிக்கணும்னு இல்ல, உங்க கேள்வி எதுவோ நேரா அங்க போயிடுங்க. ஒரு விஷயம் மட்டும் நிறைய பதில்ல தலைகாட்டும், அதை முதல்லயே சொல்லிடறேன்: கோடு மேல போகுதா கீழ போகுதான்னு பார்க்கிறதுக்கு முன்னாடி, ஆளு கொஞ்சமும் மாறாதப்பவே அந்த கோடு எவ்ளோ ஆடும்னு தெரிஞ்சு வெச்சுக்கணும். அது தெரியாம போட்ட சார்ட் பார்க்க அழகா இருக்கும், அவ்ளோதான்.

நோட்ல எழுதி வெச்சா போதாதா, சார்ட் எதுக்கு?

போன வாரம் என்ன தூக்கினோம், இன்னிக்கு என்ன போடணும்னு பார்க்க நோட்டே போதும், சொல்லப்போனா ஜிம்முக்குள்ள நோட்டுதான் வேகம். ஆனா மூணு மாசத்துல என்ன ஆச்சுன்னு நோட்டைப் புரட்டி கண்டுபிடிக்க முடியாது, ஏன்னா நம்ம ஞாபகம் நல்ல நாளையும் மோசமான நாளையும் மட்டும்தான் புடிச்சு வெச்சுக்கும், நடுவுல இருக்கிற சாதாரண நாள் எல்லாம் மறந்துபோகும், ஆனா ட்ரெயினிங்கே அந்த சாதாரண நாள்லதான் நடக்குது. சார்ட் அந்த நாளையெல்லாம் சரிசமமா காட்டும்.

இன்னொண்ணும் இருக்கு. சார்ட்டைப் பார்த்து அடுத்த வாரம் ஏதாவது ஒண்ணை மாத்துவீங்களா? வெயிட்டை ஏத்துவீங்களா, செட்டைக் குறைப்பீங்களா, லீவு குடுப்பீங்களா? எதையும் மாத்தப் போறதில்லன்னா அந்த சார்ட்டுக்கு செலவு பண்ற நேரத்துல தூங்கலாம், ரெக்கவரிக்காவது ஆகும்.

என்னென்ன பதிவு பண்ணணும்?

ஆரம்பத்துல எல்லாரும் முப்பது காலம் (ஷீட்ல மேல இருந்து கீழ போற நெடுவரிசை) போட்டு ஷீட் ரெடி பண்ணுவாங்க, மூணாவது வாரம் பாதி காலியா கிடக்கும். தேதி, எக்சர்சைஸ், வெயிட், ரெப்ஸ் (நிறுத்தாம எத்தனை தடவை தூக்கினீங்க), செட்டு (அந்த மாதிரி எத்தனை சுற்று), அந்த செட்டு எவ்ளோ கஷ்டமா இருந்துச்சுன்னு ஒரு நம்பர், வாரம் ஒரு தடவை உடம்பு எடை. இதுக்கு மேல ஒரே ஒரு காலம், குறிப்பு எழுத. சளி, தூக்கமில்ல, நேத்து மேட்ச், புது ஷூ, வேற பார் (பிளேட்டு மாட்டுற இரும்புக் கம்பி), இப்படி எதுவா இருந்தாலும் அங்க போடுங்க. ஆறு மாசம் கழிச்சு சார்ட்ல ஒரு பள்ளத்தைப் பார்த்து முழிக்கிறப்போ காப்பாத்தப் போறது அந்த குறிப்புதான்.

எக்சர்சைஸ் விஷயத்துல கறாரா இருங்க. ஹை பார் ஸ்குவாட்டும் லோ பார் ஸ்குவாட்டும் ஒரே கோட்டுல வரக்கூடாது, பாக்ஸ் ஸ்குவாட் தனி, நெஞ்சுல நிறுத்தி தூக்கின பென்ச்சும் நெஞ்சுல பட்டதும் திருப்பி தள்ளின பென்ச்சும் தனித்தனி. ஆழத்தைக் குறைச்சா ஸ்குவாட் நம்பர் சட்டுனு ஏறும், சார்ட்டுக்கு அது தெரியாது, பலம் கூடிடுச்சுன்னு சொல்லிட்டுப் போயிடும்.

ஒன் ரெப் மேக்ஸை (ஒரே ஒரு தடவை தூக்க முடியுற அதிகபட்ச வெயிட்டை) எத்தனை நாளுக்கு ஒரு தடவை டெஸ்ட் பண்ணணும்?

பவர்லிஃப்டர், வெயிட்லிஃப்டரா இருந்தா போட்டியே டெஸ்ட்டுதான். மத்த விளையாட்டுக்காரங்களுக்கு, ஓட்டமோ ஃபுட்பாலோ கபடியோ எதுவா இருந்தாலும், உண்மையான மேக்ஸ் அடிக்கடி தேவையில்ல, அதுக்கு ஒரு முழு செஷனும் அடுத்த ரெண்டு நாள் சோர்வும் செலவாகும். தினமும் போடுற வொர்க்கிங் செட்டுல இருந்தே மதிப்பிடலாம்.

ரெண்டு ஃபார்முலா ரொம்ப புழக்கத்துல இருக்கு. எப்லி ஃபார்முலா: வெயிட் × (1 + ரெப்ஸ் ÷ 30). பிர்சிக்கி ஃபார்முலா: வெயிட் × 36 ÷ (37 − ரெப்ஸ்). 100 கிலோவை 5 தடவை தூக்கினா எப்லி 116.7னு சொல்லும், பிர்சிக்கி 112.5னு சொல்லும். 10 ரெப்புல ரெண்டும் ஒரே நம்பர், 133.3. அதைத் தாண்டினா பிர்சிக்கி மேல போக ஆரம்பிக்கும், 12 ரெப்புல எப்லி 140, பிர்சிக்கி 144. எது சரின்னு சண்டை போடறதை விட ஒண்ணைப் புடிச்சுக்கிட்டு கடைசி வரைக்கும் அதையே வெச்சுக்கோங்க, நடுவுல மாத்தினா ஒரே நாள்ல 4 கிலோ பலம் வந்தோ போயோ இருக்கும். 5 ரெப்புக்குக் கீழ இருக்கிற செட்டு நல்லது, 10ஐத் தாண்டின செட்டை சார்ட்டுக்கு எடுக்காதீங்க, அங்க பலத்தை விட தம் கட்டுற திறமைதான் அதிகம் பேசும். அப்புறம் எப்லியை ஒரே ஒரு ரெப்புக்குப் போடாதீங்க, 100 கிலோவை ஒரு தடவை தூக்கினவங்களுக்கு 103.3ன்னு காட்டும், அதுக்கு தூக்கின நம்பரையே வெச்சுக்கலாம்.

செட்டு முடிஞ்சப்போ இன்னும் ரெண்டு ரெப் கையில இருந்துச்சுன்னா அதையும் ரெப்ஸ்ல சேர்த்துக்கலாம். 100 கிலோ, 5 ரெப், 2 மிச்சம்னா, 7 ரெப்னு வெச்சு எப்லி போட்டா 123.3. இப்படிப் பண்ணா தான் உயிரைக் குடுத்து தூக்கின செட்டையும் சும்மா அடக்கமா முடிச்ச செட்டையும் ஒரே கோட்டுல வைக்க முடியும்.

போன தடவை 140, இப்போ 142.5. முன்னேற்றம்தானே?

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இந்த கேள்விக்கு மட்டும் கொஞ்சம் நேரம் எடுத்துக்கிறேன், ஏன்னா பாதி தப்பான முடிவு இங்கதான் எடுக்கப்படுது.

ஒரே ஆளு, ஒரே வாரம், ரெண்டு நாள் டெஸ்ட் பண்ணா ரெண்டு நம்பர் வரும். தூக்கம், சாப்பாடு, காலையா சாயங்காலமா (பொதுவா மதியத்துக்கு மேலதான் பலம் நல்லா வரும், காலைல கம்மி), வார்ம் அப் எப்படி, பக்கத்துல கத்தி உற்சாகப்படுத்த ஆளு இருந்தாங்களா, எல்லாம் சேர்ந்து நம்பரை ஆட்டும். பிளேட்டும் அதுல பங்கு போடும், போட்டிக்குன்னு அளவு சரிபார்த்து செஞ்ச பிளேட்டு துல்லியமா இருக்கும், சாதாரண ஜிம் பிளேட்டுல 20னு எழுதியிருக்கும், தராசுல வெச்சா வேற கதை சொல்லும். முடிஞ்சா உங்க பிளேட்டையும் பாரையும் ஒரு தடவை எடை போட்டு வெச்சுக்கோங்க.

இந்த ஆட்டத்தை அளக்க ஒரு எளிய வழி இருக்கு. நாலஞ்சு பேரை, நடுவுல பெரிய ட்ரெயினிங் இல்லாம, சில நாள் இடைவெளில ரெண்டு தடவை டெஸ்ட் பண்ணுங்க. வித்தியாசத்தை எழுதுங்க. உதாரணத்துக்கு அஞ்சு பேருக்கு +2, −3, 0, +4, −1 கிலோன்னு வந்துச்சுன்னு வெச்சுக்குவோம். இந்த வித்தியாசங்களோட ஸ்டாண்டர்ட் டீவியேஷன், அதாவது நம்பர் எல்லாம் சராசரில இருந்து எவ்ளோ சிதறியிருக்குங்கிற அளவு, சுமார் 2.7. அதை ரூட் 2 ஆல, அதாவது 1.41 ஆல வகுத்தா 1.9 கிலோ. இதுதான் ஒரு டெஸ்டுக்கு சராசரியா இருக்கிற பிழை, டிபிகல் எரர்னு சொல்லுவாங்க. ரெண்டு டெஸ்டை ஒப்பிடறப்போ ரெண்டுலயும் பிழை இருக்கும், அதனால 95 சதவீத நம்பிக்கையோட "மாறிடுச்சு"ன்னு சொல்லணும்னா அந்த 1.9ஐ 2.77 ஆல பெருக்கணும், வர்றது 5 கிலோவுக்குக் கொஞ்சம் மேல. அப்போ 140ல இருந்து 142.5 வந்ததை வெச்சு ப்ரோக்ராம் வேலை செய்யுதுன்னு முடிவு கட்ட முடியாது, அதே மாதிரி 137.5க்கு இறங்கினா பயப்படவும் வேண்டாம். அஞ்சு பேரை வெச்சு எடுத்த பிழையே ஒரு குத்துமதிப்புதான், ஆளு கூட இருந்தா இன்னும் நல்லது.

அவ்ளோ கறார் வேண்டாம்னா 95ஐ விட்டுக் குடுக்கலாம், மூணு நாலு தடவை தொடர்ந்து 142.5க்கு மேலயே வந்துட்டு இருந்தா நானே நம்பிடுவேன். தொடர்ந்து வர்ற சின்ன மாற்றத்துக்கு தனியா வர்ற பெரிய மாற்றத்தை விட மதிப்பு ஜாஸ்தி.

இதுல இன்னொரு பக்கமும் இருக்கு: எவ்ளோ மாறினா அதுக்கு அர்த்தம் இருக்கு? வில் ஹாப்கின்ஸ்ங்கிற விளையாட்டு அறிவியல்காரர் பிரபலப்படுத்தின ஒரு கணக்கு, டீம்ல ஆளுக்கு ஆளு இருக்கிற ஸ்டாண்டர்ட் டீவியேஷன்ல 0.2 பங்கு. டீம்ல அது 15 கிலோன்னா 3 கிலோ மாறினாலே கவனிக்க வேண்டிய மாற்றம். நம்ம உதாரணத்துல டெஸ்டோட பிழை 1.9, கவனிக்க வேண்டியது 3, ஆனா ஒரே ஒரு தடவை பார்த்து உறுதியா சொல்லணும்னா 5 வேணும். இந்த இடைவெளிதான் ஒற்றை டெஸ்டை நம்பாம வாரா வாரம் வர்ற நம்பரை சேர்த்து வெச்சு பார்க்கச் சொல்றதுக்குக் காரணம்.

சரி, அந்த ஆட்டத்தை சார்ட்லயே காட்ட முடியுமா?

முடியும், காட்டணும். நடுவுல சராசரி கோடு, மேலயும் கீழயும் ரெண்டு மெல்லிசான கோடு, நடுவுல லேசா கலர் அடிச்ச பட்டை. பட்டைக்குள்ள இருக்கிற புள்ளியைப் பத்தி மீட்டிங் போட வேண்டாம். இது ஃபேக்டரில இருந்து வந்த யோசனை, 1924ல வால்டர் ஷூஹார்ட் பொருளோட தரத்தைப் பார்க்க போட்ட கன்ட்ரோல் சார்ட் இதேதான். அங்க ஒரு விதி உண்டு, தொடர்ந்து எட்டு புள்ளி சராசரிக்கு ஒரே பக்கமா விழுந்தா, பட்டைக்குள்ளயே இருந்தாலும், ஏதோ மாறியிருக்குன்னு எடுத்துக்கலாம். ட்ரெயினிங்குக்கு இது அப்படியே பொருந்தாது, ஏன்னா நாம மாறணும்னுதான் ட்ரெயின் பண்றோம், ஆனாலும் சீசன் நடுவுல பலத்தைத் தக்க வெச்சுக்கிற மாசங்கள்ல ரொம்ப உதவும்.

எந்த வகை சார்ட் போடறது?

காலப்போக்குல ஒரு நம்பர்னா லைன், இல்லன்னா புள்ளி வெச்சு அதுக்கு மேல ஒரு நகரும் சராசரி. நான் புள்ளியை மங்கலாவும் சராசரியைத் தடிமனாவும் போடுவேன், கடைசி மூணு நாலு செஷனோட சராசரி போதும். வாரத்துக்கு எவ்ளோ வேலைங்கிறதுக்கு பார் சார்ட். எந்த நாள் ட்ரெயின் பண்ணாங்க எந்த நாள் விட்டாங்கன்னு பார்க்க காலண்டர் மாதிரி கட்டம் போட்டு கலர் அடிக்கிறது, ஹீட் மேப், வருஷக் கணக்குல ஒழுங்கைப் பார்க்க அதை விட நல்லது எதுவும் இல்ல.

பத்து அத்லெட் இருந்தா பத்து கோட்டையும் ஒரே சார்ட்ல போட்டு நூடுல்ஸ் ஆக்காதீங்க. ஆளுக்கு ஒரு குட்டி சார்ட், எல்லாத்துக்கும் ஒரே அளவு, ஒரே பக்கத்துல வரிசையா. கண்ணு தானா வித்தியாசமானதைப் புடிச்சிடும்.

பை சார்ட் வேண்டாம். லைன் சார்ட்டை 1786ல புத்தகமா போட்ட வில்லியம் ப்ளேஃபேர்தான் 1801ல பை சார்ட்டையும் கொண்டு வந்தாரு, முதல் யோசனைக்காக ரெண்டாவதை மன்னிச்சிடலாம். காலத்தோட மாறுறதை வட்டத்துல காட்ட வழியே இல்ல. ரேடார் சார்ட்டும் அப்படித்தான், பார்க்க கெத்தா இருக்கும், எந்த வரிசைல எதை வைக்கிறீங்கங்கிறதைப் பொறுத்து வடிவமே மாறும்.

இடது பக்க அளவு பூஜ்யத்துல ஆரம்பிக்கணுமா?

பார் சார்ட்னா கண்டிப்பா, பாரோட உயரத்தைத்தான் கண்ணு அளக்குது. லைனுக்கு அவசியமில்ல, ஆனா மொபைல் ஆப்போட விருப்பத்துக்கு விடாதீங்க. பெரும்பாலான ஆப்பும் ஷீட்டும் இருக்கிற நம்பருக்கு ஏத்த மாதிரி அளவை தானா சுருக்கிடும், 140ல இருந்து 142.5 வந்ததை 139 முதல் 143 வரைக்கும் உள்ள சார்ட்ல பார்த்தா மலை ஏறின மாதிரி இருக்கும், அதையே 100 முதல் 180 வரைக்கும் போட்டா லேசான மேடு. ஒரு எக்சர்சைஸுக்கு ஒரு அளவுன்னு முடிவு பண்ணி வருஷம் முழுக்க மாத்தாம வைங்க.

இடது பக்கம் ஒரு அளவு, வலது பக்கம் வேற அளவுன்னு ரெண்டு கோட்டை ஒரே சார்ட்ல போடறதையும் விட்டுடுங்க. அளவை இழுத்து நெளிச்சா எந்த ரெண்டு கோட்டையும் சேர்ந்து போற மாதிரி காட்டிடலாம். மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு ரெண்டு தனி சார்ட், கீழ தேதி மட்டும் பொது.

டன்னேஜ், வால்யூம்னு எல்லாரும் போடறாங்களே?

செட்டு × ரெப்ஸ் × வெயிட், கணக்கு சுலபம், அதான் எல்லா ஆப்புலயும் இருக்கு. ஆனா 40 கிலோவை 10 × 10 போட்டா 4000 கிலோ, 120 கிலோவை 5 செட்டு 3 ரெப் போட்டா 1800 கிலோ. அதிகமா பலம் கட்டினது எதுன்னு டன்னேஜைக் கேட்டா முதல்ல சொன்னதுன்னு சொல்லும். ஒரே மாதிரி ரெப் ரேஞ்சுல இருக்கிற வாரங்களை ஒப்பிட டன்னேஜ் சரி, ஹைப்பர்ட்ரஃபி (தசையைப் பெரிசாக்குற) மாசத்தையும் ஹெவி மாசத்தையும் ஒப்பிட உதவாது. அதுக்கு பதிலா மேக்ஸ்ல 80 சதவீதத்துக்கு மேல தூக்கின ரெப் எத்தனைன்னு வாரா வாரம் எண்ணிப் பாருங்க, பலத்துக்காகன்னா அந்த பார் சார்ட் நிறைய பேசும்.

செட்டு எவ்ளோ கஷ்டம்னு பத்துக்கு குடுக்கிற ஆர்பிஇ நம்பர் நம்பகமானதா? ஆளுக்கு ஆளு மாறுமே?

மாறும், அதனாலதான் ஒருத்தரோட நம்பரை அவங்களோட நம்பரோட மட்டும் ஒப்பிடணும். வெயிட் ட்ரெயினிங்ல 10னா இன்னொரு ரெப் கூட வராது, 9னா ஒண்ணு மிச்சம், 8னா ரெண்டு மிச்சம். புதுசா வர்றவங்க இதை நல்லா கணிக்க மாட்டாங்க, ஆறு மிச்சமா எட்டு மிச்சமான்னு யாராலயும் சரியா சொல்ல முடியாது, ஃபெயிலியருக்கு பக்கத்துல போகப் போகத்தான் கணிப்பு சரியா வரும்.

நல்ல விஷயம் என்னன்னா, வெயிட் மாறாம ஆர்பிஇ மட்டும் இறங்கினாலும் அது முன்னேற்றம்தான். 120 கிலோ × 3 ரெப் ஜனவரில 9, மார்ச்ல 7னு இருந்தா ஒரு கிலோ கூட ஏத்தாமலே பலம் கூடியிருக்கு. இதைத்தான் வெயிட்டை மட்டும் போடுற சார்ட் தவற விடும்.

முழு செஷனுக்கும் ஒரு நம்பர் வேணும்னா கார்ல் ஃபாஸ்டரோட முறை இருக்கு: செஷன் முடிஞ்சு அரை மணி கழிச்சு எவ்ளோ கஷ்டம்னு பத்துக்கு கேளுங்க, அதை நிமிஷத்தால பெருக்குங்க. 60 நிமிஷம், 7 மார்க்குன்னா 420. ஓட்டமும் வெயிட்டும் மேட்சும் கலந்து இருக்கிற வாரத்தை ஒரே அளவுல பார்க்க இதை விட மலிவான வழி இல்ல.

பார் வேகத்தை அளக்கிற கருவி வாங்கலாமா?

பணம் இருந்து, தினமும் பயன்படுத்துவீங்கன்னா வாங்குங்க. ஒரே வார்ம் அப் வெயிட்டை முழு வேகத்துல தள்ளச் சொல்லி அந்த வேகத்தை தினமும் சார்ட்ல போடுங்க, சோர்வு முதல்ல அங்கதான் தெரியும். மேக்ஸ் வெயிட்ல பென்ச் சுமார் 0.17 மீட்டர்/வினாடி வேகத்துல நகரும், ஸ்குவாட் சுமார் 0.3, ஆளுக்கு ஆளு கொஞ்சம் மாறும். வெயிட் கூடக் கூட வேகம் குறையற கோட்டை நாலஞ்சு வெயிட்ல அளந்து வரைஞ்சு நீட்டினா மேக்ஸ் எங்க இருக்கும்னு குத்துமதிப்பா தெரியும். கருவி இல்லாதவங்க வாரத்துக்கு ஒரு தடவை நின்ன இடத்துல மேல குதிச்சு உயரத்தை அளக்கலாம், மோசமில்ல.

60 கிலோ ஆளையும் 100 கிலோ ஆளையும் எப்படி ஒப்பிடறது?

முடிஞ்சா ஒப்பிடாதீங்க. வேற வழியில்லன்னா, தூக்கினதை உடம்பு எடையால வகுக்கிறதுதான் எல்லாரும் பண்றது, அது லேசான ஆளுக்கு சாதகமா சாயும். 60 கிலோ ஆளு 120 தூக்குறாங்க, 2 மடங்கு. 100 கிலோ ஆளு 170 தூக்குறாங்க, 1.7 மடங்கு. முதல் ஆளு ரொம்ப முன்னாடி இருக்கிற மாதிரி தெரியுது. ஆனா பலம் தசையோட குறுக்களவைப் பொறுத்தது, எடை கூடற அதே வேகத்துல குறுக்களவு கூடாது, அதனால உடம்பு எடையை 0.67 அடுக்குக்கு உயர்த்தி அதால வகுக்கணும்னு ஒரு முறை இருக்கு. அப்படிப் போட்டா முதல் ஆளுக்கு சுமார் 7.7, ரெண்டாவது ஆளுக்கு சுமார் 7.8. ரெண்டு பேரும் சமம்!

போட்டி உலகத்துல இதுக்குன்னே கணக்கு உண்டு. வெயிட்லிஃப்டிங்ல சின்க்ளேர், பவர்லிஃப்டிங்ல ரொம்ப காலம் வில்க்ஸ் இருந்துச்சு, 2019ல சர்வதேச பவர்லிஃப்டிங் ஃபெடரேஷன் அதை மாத்தி வேற புள்ளி முறைக்குப் போயிடுச்சு. பழைய வில்க்ஸ் நம்பரையும் புது நம்பரையும் ஒரே கோட்டுல ஒட்டிடாதீங்க.

வளர்ற வயசுப் பசங்களுக்கு உடம்பு எடையை கீழ தனி சார்ட்டா கண்டிப்பா போடுங்க. ஒரு சீசன்ல எட்டு கிலோ ஏறின பையனோட ஸ்குவாட் கூடியிருந்தா அதுல ட்ரெயினிங் பங்கு எவ்ளோ, வளர்ச்சி பங்கு எவ்ளோன்னு பிரிச்சுப் பார்க்காம கோச் காலரைத் தூக்கி விட்டுக்க வேண்டாம்.

டீம் சராசரி இறங்குது, மேனேஜ்மென்ட் கேள்வி கேட்குது. என்ன சொல்ல?

யாரு புதுசா வந்தாங்கன்னு முதல்ல பாருங்க. பத்து பேர், சராசரி 120 கிலோ. சீசன்ல பத்து பேருமே 5 கிலோ கூட்டிட்டாங்க, நடுவுல 80 கிலோ தூக்குற மூணு ஜூனியர் சேர்ந்தாங்க. இப்போ சராசரி 114.6. ஒருத்தர் கூட இறங்கல, சராசரி மட்டும் இறங்கிடுச்சு. சராசரியைக் காட்டறதுக்கு பதிலா ஆளுக்கு ஆரம்பம் ஒரு புள்ளி, இப்போ ஒரு புள்ளி, ரெண்டையும் சேர்த்து ஒரு கோடுன்னு போட்டுக் குடுங்க, கேள்வி அடங்கிடும்.

அக்யூட் க்ரானிக் விகிதம் 1.5ஐத் தாண்டினா காயம் வரும்னு சொல்றாங்களே?

இந்த வார லோடை, அதாவது மொத்த ட்ரெயினிங் சுமையை (அக்யூட்), கடைசி நாலு வார சராசரியால (க்ரானிக்) வகுக்கிற கணக்கு. 2016ல டிம் கேபட் எழுதின கட்டுரைக்கு அப்புறம் எல்லா டீம்லயும் பரவுச்சு, 0.8 முதல் 1.3 வரைக்கும் பாதுகாப்பு, 1.5க்கு மேல ஆபத்துன்னு பச்சை சிவப்பு அடிச்ச சார்ட் எல்லாம் வந்துச்சு. அதுக்கப்புறம் புள்ளியியல் ஆளுங்க நிறைய ஓட்டை காட்டினாங்க, முக்கியமானது, இந்த வாரமும் அந்த நாலு வாரத்துக்குள்ளயே இருக்கு, மேலயும் கீழயும் ஒரே நம்பர் கலந்திருக்கு. விகிதத்தை வெச்சு ஒருத்தரை மேட்சுல இருந்து நிறுத்த வேண்டாம். வார லோடை பார் சார்ட்டா நேரா பாருங்க, ஒரு வாரம் திடீர்னு தனியா நீட்டிட்டு நின்னா அதுவே போதுமான எச்சரிக்கை.

கோடு மூணு மாசமா தட்டையா இருக்கு. ப்ரோக்ராம் மாத்தணுமா?

புதுசா ஆரம்பிச்சவங்களா, வருஷக்கணக்கா தூக்குறவங்களா? ஆரம்ப வாரங்கள்ல ஏறுறது பெரும்பாலும் நரம்பு மண்டலம் கத்துக்கிறதால, அதனால கோடு செங்குத்தா போகும், அப்புறம் சாயும், அது எல்லாருக்கும் நடக்கிறதுதான். அஞ்சு வருஷம் ஆன ஆளுக்கு வருஷத்துக்கு சில கிலோ கிடைச்சாலே பெரிய விஷயம், அதை மூணு மாச சார்ட்ல தேடினா தட்டையாத்தான் இருக்கும். சார்ட்டை ரெண்டு வருஷத்துக்கு நீட்டிப் பாருங்க.

அது தவிர, கோடு படிக்கட்டு மாதிரி இருந்தா பிளேட்டைப் பாருங்க. ஜிம்ல சின்னது 1.25 கிலோன்னா பார்ல 2.5 கிலோவுக்குக் கம்மியா ஏத்தவே முடியாது, பென்ச் 50 கிலோ போடறவங்களுக்கு அது 5 சதவீதம். அரை கிலோ பிளேட்டு ஒரு ஜோடி வாங்கினா சில தட்டைக் கோடு தானா ஏறும்.

போட்டிக்கு முன்னாடி எல்லா கோடும் இறங்குதே, பயமா இருக்கு.

டேப்பர்னா, அதாவது போட்டிக்கு முன்னாடி வேலையைக் குறைக்கிறதுன்னா, அப்படித்தான் இருக்கணும். ரெண்டு வாரம் வாக்குல வால்யூமை 40 முதல் 60 சதவீதம் குறைச்சு, வெயிட்டைக் குறைக்காம வைக்கிறது நல்லா சோதிச்சுப் பார்த்த முறை. வால்யூம் பார் இறங்கும், வேகமும் ஜம்ப்பும் ஏறணும். ரெண்டும் சேர்ந்து இறங்கினாதான் யோசிக்கணும், அநேகமா அதுக்கு முந்தின மாசம் ரொம்ப அழுத்தியிருப்பீங்க.

காயத்துல இருந்து திரும்பி வர்றவங்களுக்கு?

அடிபட்ட காலை நல்ல காலால வகுத்து சதவீதம் போடறது வழக்கம். 90 வந்தா விளையாடலாம்னு நிறைய பேர் வெச்சிருக்காங்க. பிரச்சினை என்னன்னா, மாசக்கணக்கா ட்ரெயினிங் இல்லாம நல்ல காலும் பலம் இழந்திருக்கும், ரெண்டும் சேர்ந்து பலவீனமா இருந்தாலும் சதவீதம் 95 காட்டும். அதனால ரெண்டு காலையும் தனித்தனி கோடா போடுங்க, காயத்துக்கு முன்னாடி இருந்த நம்பரை படுக்கைக் கோடா வரைஞ்சு வைங்க. அந்த பழைய நம்பர் கையில இருக்கணும்னா நல்லா இருக்கிறப்பவே அளந்து வெச்சிருக்கணும், இதுக்காகவே கூட சார்ட் வெச்சுக்கலாம். விளையாடலாமா வேண்டாமாங்கிற முடிவு டாக்டரும் ஃபிசியோவும் சேர்ந்து எடுக்கிறது, சார்ட் அவங்க முன்னாடி வைக்கிற ஒரு தாள்.

ஷீட்ல போட்டா சார்ட் கோணலா வருதே?

பெரும்பாலும் மூணே காரணம். தேதி எழுத்தா பதிவாகியிருக்கும், அப்போ எக்செல் எல்லா நாளையும் சம இடைவெளில வெச்சிடும், மூணு வாரம் லீவு போட்டதே தெரியாது, தேதி ஃபார்மேட் சரி பண்ணுங்க, நாள் முதல்லயா மாசம் முதல்லயான்னும் பாருங்க, 3/4ங்கிறது யாருக்கு எந்த மாசம்னு சொல்ல முடியாது. ரெண்டாவது, வராத நாளுக்கு 0 போட்டிருப்பீங்க, கோடு தரைக்கு விழுந்து எழும்பும், காலியா விடுங்க. மூணாவது, ஆளுக்கு ஒரு காலம்னு அகலமா வெச்சிருப்பீங்க, ஒரு செட்டுக்கு ஒரு வரின்னு நீளமா வெச்சா பிவட் டேபிள் (ஷீட்டே தொகுத்துக் குடுக்கிற பட்டியல்) போட்டு எந்த சார்ட்டும் எடுக்கலாம்.

ப்ரோக்ராம் மாத்தின நாள், போட்டி, காய்ச்சல், பரீட்சை, பயணம் எல்லாத்துக்கும் சார்ட்ல ஒரு செங்குத்து கோடு போட்டு பேர் எழுதிடுங்க.

சார்ட்டை ஜிம் சுவத்துல ஒட்டலாமா?

சில டீம்ல அது பசங்களை சூடேத்தும், ஆனா எப்பவும் கடைசில இருக்கிறவங்களுக்கு அது தினசரி அவமானம், ஆழம் குறைச்சு நம்பர் காட்ட ஆரம்பிப்பாங்க, அதோட உங்க டேட்டாவும் போச்சு. உடம்பு எடையை ஒருபோதும் பொதுவுல வைக்காதீங்க, குறிப்பா சின்னப் பசங்களோடது, எடைப் பிரிவு விளையாட்டுல இருக்கிறவங்களோடது. அவங்கவங்க சார்ட்டை அவங்ககிட்ட காட்டி "இந்த பள்ளம் எதனாலன்னு நினைக்கிற?"ன்னு கேளுங்க, உங்க ஷீட்ல இல்லாத பதில் வரும். மாதவிடாய் பத்தின பதிவும் அப்படித்தான், சொல்லணும்னு அவங்க விரும்பினா மட்டும், யாரு பார்ப்பாங்கன்னு முன்னாடியே பேசிட்டு.

சார்ட் ஒண்ணு சொல்லுது, அத்லெட் வேற சொல்றாங்க. யாரை நம்பறது?

சார்ட் நல்லா இருக்கு, ஆளு சோர்வா இருக்குன்னு சொன்னா, அன்னிக்கு ஆளை நம்புங்க. வார்ம் அப் பண்ணச் சொல்லி வெயிட் எப்படி நகருதுன்னு பார்த்துட்டு தேவைன்னா குறைச்சுடுங்க, ஒரு செஷன் குறைஞ்சதால யாரும் பலம் இழந்தது இல்ல. ஆளு சூப்பரா இருக்கேன்னு சொல்றாங்க, ஆனா ஒரே வெயிட்டுக்கு ஆர்பிஇ மூணு வாரமா ஏறிட்டே இருக்கு, ஜம்ப்பும் பட்டைக்குக் கீழ போயிடுச்சுன்னா, அப்போ சார்ட்டை நம்புங்க, போட்டி நெருங்க நெருங்க நல்ல அத்லெட் யாரும் தனக்கு சோர்வுன்னு ஒத்துக்க மாட்டாங்க. ரெண்டு மூணு நாள் லேசாக்கி விட்டு அதே வார்ம் அப் வெயிட்டைத் திரும்ப அளந்து பாருங்க, யாரு சொன்னது சரின்னு அந்த நம்பர்ல தெரிஞ்சிடும்.